மதியம் 2 மணிக்குக் கதவைத் தட்ட ஒரு ஆள்

கேள்வி:

டாக்டர், எனக்கு 36 வயது. சேலம் குகையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கும் அறைக்கு மேலே மொட்டை மாடி, சமையல்கட்டுக்கு மேலே சிமெண்ட் சீட். கணவருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. எட்டாவது முடித்த மகள், ஐந்து வயது மகன், பிரஷரும் சுகரும் உள்ள மாமியார். சித்திரை பிறந்ததிலிருந்து யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். போன வாரம் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டான் என்று பையனை அடித்துவிட்டு, நானே உட்கார்ந்து அழுதேன். மோட்டார் போடுகிற விஷயத்தில் கீழ்வீட்டு ஓனர் அம்மாவோடு பேச்சே நின்றுபோச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு கிளம்பினோம், பாதி நாள் மலைப்பாதையில் வண்டிகளுக்கு நடுவிலேயே போய்விட்டது. எங்கள் அம்மா காலத்தில் ஃபேன்கூட இல்லாமல் பொறுத்துக்கொண்டார்கள். என்னால் மட்டும் ஏன் முடியவில்லை? எனக்கு ஏதாவது மனநோயா? மகளிர் குழுவில் கடன் வாங்கி ஏசி போட்டுவிடலாமா? மகளை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பெயர் வேண்டாம், குகை, சேலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயந்துகொண்டே கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது பல நாளாகத் தூக்கம் கெட்ட ஒருவரின் கடிதம். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு ஒரு டிகிரி அளவுக்காவது இறங்க வேண்டும். உங்கள் தலைக்கு மேலே இருக்கும் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி 11 மணிக்கு அதை அறைக்குள் இறக்குகிறது. உடம்பு எங்கே இறங்கும்? இப்படி ஒரு வாரம் போனால் சாதுவான ஆளுக்கும் கை ஓங்கத் தோன்றும். வெயில் ஏற ஏறச் சண்டையும் கோபமும் ஏறுவதை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். சித்திரை வைகாசியில் என் கிளினிக்குக்கு வருகிற குடும்பச் சண்டைகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பையனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அம்மா அடிச்சது தப்புடா, தூக்கம் இல்லாம கோபம் வந்துடுச்சு" என்றால் போதும். ஐந்து வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

ஒன்றை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். சூடு தணிந்து இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கிய பிறகும் எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத சோகம், சாப்பாடு வேண்டாம் என்று தோன்றுவது, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, இதில் எது வந்தாலும் வெயில் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேரில் பார்க்க அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அடுத்தது அம்மா காலம். இந்த ஒப்பீடு உங்களை வெயிலைவிட அதிகமாகச் சுடுகிறது என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் அம்மா இருந்தது அநேகமாக நாட்டு ஓட்டு வீடு. ஓடுகளுக்கு நடுவே காற்று போகும், சாயங்காலம் சீக்கிரம் ஆறிவிடும். வாசலில் வேப்பமரம். ராத்திரி தெருவில் வரிசையாகக் கயிற்றுக் கட்டில். ஆளுக்கொரு விசிறி, பக்கத்துக் கட்டிலில் பேச்சுத் துணை. ஒரு பாட்டிக்குத் தலை சுற்றினால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் உங்களைவிட அதிகம் தாங்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் விழுந்த பங்கு குறைவு. அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனசில்லை. எல்லாத் திண்ணையிலும் எல்லாரையும் உட்கார விட்டதில்லை, வயசுப் பெண்கள் பலர் அந்தப் புழுக்கத்திலும் உள்ளேதான் படுத்தார்கள். ஆனாலும் வெயிலை ஒரு தெருவே சேர்ந்து சமாளித்தது உண்மை. இன்றைக்கு அதே வெயிலை நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சமாளிக்கிறீர்கள்.

இது வெறும் பழைய நினைப்பு இல்லை, உயிர் விஷயம். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் சில நாள் அடித்த வெயிலில் 700 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இறந்தவர்களையும் அதே பகுதியில் பிழைத்தவர்களையும் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏசி இருந்தவர்கள் தப்பியதில் ஆச்சரியம் இல்லை. தனியாக வசித்தவர்களும், வீட்டைவிட்டு வெளியே வராதவர்களும் அதிகமாக இறந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. நம் நாட்டில் 2010 மே மாதம் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அந்த ஊர் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்று போட்டது. அங்கே ஏழைகள் வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடிக்கிற வேலையும் பிறகு நடந்தது. தமிழக அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெள்ளத்தில் வீடு மூழ்கினால் "என்னால் ஏன் நீந்த முடியவில்லை" என்று நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட மாட்டீர்கள் அல்லவா?

சேலத்துக்கென்று ஒரு குணமும் இருக்கிறது. கடல்காற்று எட்டாத ஊர், சுற்றிலும் மலை: வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடுவது இங்கே புதுச் செய்தி இல்லை. ஏற்காடு நம்மைவிட ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். மாடியில் நின்றால் மலை தெரிகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கிறது. போவதானால் ஒரு வார நாளில் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள். ஒருநாள் சந்தோஷத்துக்கு அது சரி, இரண்டு மாத வெயிலுக்கு அது வழியாகாது.

இனி வீட்டு வேலை. ஏசிக்கு முன்னால் மாடிக்கு வெள்ளை அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால், இரண்டு கோட். தளத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு, காலை 8 மணிக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். கூரைக்கு வெள்ளை அடித்த வீடுகளுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறைகிறது என்பது பல இடங்களில் கண்ட அனுபவம். உங்கள் வீட்டில் 2 டிகிரிதான் குறையும் என்றாலும், ராத்திரி 2 மணித் தூக்கம் 12 மணிக்கே வந்துவிடும். சிமெண்ட் சீட் மேல் யாரும் ஏறக் கூடாது, அது ஆள் எடையைத் தாங்காது. காய்ந்த சீட்டைச் சுரண்டவும் கூடாது, தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஏணியில் நின்றபடி நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் அடிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் மாடி ஓனர் அம்மாவுடையது, அவரோடு பேச்சில்லை. இந்தச் சுண்ணாம்பையே சாக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மோட்டார் சண்டையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், "யார் முதலில் போட்டது" என்பதில் இரண்டு பேருமே ஜெயிக்க முடியாது. "அக்கா, மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்னு இருக்கோம், உங்க வீடு, உங்களைக் கேக்காம செய்யக் கூடாது. அப்படியே உங்க டேங்குக்கும் ஒரு கோட் அடிச்சிடறோம், மதியம் குழாயைத் திறந்தா வெந்நீரா கொட்டுதில்ல" என்று போய் நில்லுங்கள். மாடியில் கறுப்பு டேங்க் வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசி வரி ரொம்பவே புரியும். சரி என்று சொன்ன பிறகு, மோட்டாருக்கு ஆளுக்கொரு நேரம் பேசிக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றையும் அவரிடம் கேளுங்கள். மேலே ஒரு மாடி இருப்பதால் அவர் வீட்டுக்கு உங்கள் வீடுதான் நிழல். மதியம் உங்கள் அறைக்கும் அவர் கூடத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். 12 மணியிலிருந்து 4 மணி வரை மாமியார் அந்தக் கூடத்தில் உட்காரலாமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பதிலுக்கு அவருக்கு மருந்து வாங்கிவருவது, ரேஷன் கடையில் நிற்பது என்று ஏதாவது உங்களால் முடியும். நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் சிநேகம் நீடித்ததும் இல்லை.

ஏசி விஷயம். மாமியாருக்கு இதய நோயும் இருந்து, டாக்டரும் சொன்னால், ஏசி ஆடம்பரம் இல்லை, மருந்துதான். கடன் வாங்கியாவது போடலாம். இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம் என்பேன். சூடேறிய தளத்துக்குக் கீழே சின்ன ஏசி ஓயாமல் ஓடும், கரண்ட் பில் கூடும், குழுத் தவணை வாராவாரம் வரும். கடன் கவலை பறிக்கும் தூக்கத்தை எந்த ஏசியும் திருப்பித் தராது. நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் சென்னையில் எடுபடாத ஏர் கூலர் இங்கே நன்றாக வேலை செய்யும். ஜன்னலைத் திறந்துவைத்துப் போடவேண்டும், மூடிய அறையில் போட்டால் புழுக்கம்தான் மிஞ்சும். ஃபேனைப் பற்றியும் ஒன்று: அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனல்காற்றைத்தான் மேலே வீசும். அப்போது ஈரத் துணியால் கை, கழுத்து, முகத்தைத் துடைத்துவிட்டுக் காற்றுப் படும்படி உட்கார்வதுதான் பலன் தரும். ராத்திரி மொட்டை மாடியில் படுப்பதானால் தரையில் பாய் வேண்டாம், கயிற்றுக் கட்டில் போடுங்கள். அடியிலும் காற்று போகும். கொசுவலையை மறக்காதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே அதிகமாக வேகிறவர் அவர்தான் என்பது என் கணிப்பு. கொலுசைப் பற்றவைக்கும்போது ஃபேன் போட்டால் தீ அலையும், பொடி பறக்கும். அதனால் சித்திரை மதியத்திலும் ஃபேனை நிறுத்திவிட்டு, கேஸ் தீயை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு வேலை. வாங்குகிற கூலி வேலைக் கணக்குக்கு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தால் அதுவும் நஷ்டமாகத் தெரியும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், லீவு முடிந்து வந்தவரும் புதுப் பையனும் முதல் நாளே முழு வேலை செய்வது ஆபத்து. நடுமதியத்தை விட்டுவிட்டுக் காலை 6 முதல் 11, மாலை 4 முதல் 8 என்று நேரத்தை மாற்ற முடியுமா என்று பட்டறைக்காரரிடம் கேட்கலாம். ஒரு ஆள் கேட்டால் சோம்பேறி என்று பெயர் வரும், நாலு பேர் சேர்ந்து கேட்டால் அது யோசனை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், பானை மூலையில் இருந்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். சாயங்காலம் "தூக்கம் வரணும்" என்று ஒரு குவார்ட்டர் போடும் பழக்கம் இருந்தால், அது உடம்பு நீரை இன்னும் இழுத்துவிடும், நடுராத்திரியில் எழுப்பியும் விடும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது தெரு. "அக்கம்பக்கத்தை எப்படி ஒன்று சேர்ப்பது" என்று என்னிடம் கேட்கிறவர்கள் ஏதோ சங்கம் பதிவு செய்யப் போவதுபோலத் தயங்குகிறார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் உங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிறார்களா? அதற்கு வீடு வீடாக வசூல் பண்ணும் ஒரு நோட்டு யாரிடமோ இருக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் கொடுப்பார், யார் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டு வைத்திருக்கும் அம்மாவுக்கு அத்துப்படி. அவரைப் போய்ப் பாருங்கள். ஆடியில் ஊற்றுகிற கூழைச் சித்திரையிலேயே மோராக ஊற்றலாம் என்று சொல்லுங்கள். கட்சிக்காரர்கள் திறந்த தண்ணீர்ப் பந்தல் பலவற்றில் திறப்பு விழா ஃபோட்டோ மட்டும் மிஞ்சி, கத்திரி தொடங்குகிறபோது பானை காலியாக இருக்கும். பானையை வைப்பது சுலபம், தினமும் யார் நிரப்புவது என்பதில்தான் விஷயம். ஏழு வீட்டுக்கு வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்று நோட்டில் எழுதிவிட்டால் அது ஓடும்.

அதே நோட்டில் இன்னொரு பக்கம் வேண்டும். தனியாக இருக்கும் வயசானவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பிரசவம் ஆன வீடு, மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள். கடைசியில் சொன்னதை என் துறை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அந்த மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும், லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். இந்த வீடுகளின் கதவை மதியம் 2 மணிக்கு ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை யாராவது தட்ட வேண்டும். லீவில் இருக்கும் உங்கள் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் ஏற்ற வேலை. "பாட்டி, தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்டுவிட்டு, பாட்டி குடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். வயசானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்டால் "வேண்டாம் கண்ணு" என்றுதான் சொல்வார்கள்.

தட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பேச்சு குழறினால், ஆளைத் தெரியாமல் உளறினால், வலிப்பு வந்தால், கூப்பிட்டும் எழாமல் உடம்பு அனலாகக் கொதித்தால், அது வெப்ப வாதம். பெரியவர்களைக் கூப்பிட்டு 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நிழலுக்கு நகர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்குக் கேட்காது. வெறும் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் போதும்: 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மாமியார் மாதிரி சுகர் உள்ளவர்களுக்குச் சாதாரண நாளில் நீர்மோர் போதும்.

மகளை ஊருக்கு அனுப்புவது பற்றி: அவள் போக ஆசைப்பட்டால் ஒரு வாரம் அனுப்புங்கள். ஆனால் மொத்த லீவுக்கும் அனுப்பிவிட்டால், வீட்டில் உங்களுக்கு இருக்கும் ஒரே பேச்சுத் துணையையும் அனுப்பியது மாதிரி ஆகிவிடும். நீங்களும் தினமும் மதியம் ஒரு மணி நேரம் அந்தக் கீழ்வீட்டுக் கூடத்திலோ பக்கத்து வீட்டிலோ போய் உட்காருங்கள். மாமியாரைக் காட்டிலும் உங்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாமியாரின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரைப் பாருங்கள். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் வகை இருக்கிறதா, வெயில் காலத்தில் அளவைக் குறைக்க வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அவர் இன்சுலின் போடுகிறவராக இருந்து வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், மருந்துக் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். சமையல்கட்டு அலமாரியில் மட்டும் வேண்டாம், அந்தச் சிமெண்ட் சீட்டுக்குக் கீழே மருந்து வீணாகிவிடும்.